பொன்னாடைக்குப் பதிலாக ஒலிவாங்கி: கும்பகோணம் மாநகராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்
மேயர், துணை மேயர், மன்ற உறுப்பினர்கள், ஆணையர்,
கும்பகோணம் மாநகராட்சி.

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம்.

கலை, அறிவியல், தொழில்நுட்பம் ஆகிய துறைகளில் நம் ஊரும் சுற்றுப்புறமும் தந்த மனிதர்களைப் பற்றி மாதம் ஒரு பொது உரையை மாநகராட்சி நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காக இந்த மடலை எழுதுகிறேன். பேசுபவர் அந்தத் தொழிலைச் செய்பவராகவோ அதை நன்கு கற்றறிந்தவராகவோ இருக்க வேண்டும். கேட்க வருபவர்கள் மாணவர்களாகவும் கடைக்காரர்களாகவும் நெசவாளர்களாகவும் விவசாயிகளாகவும் ஓய்வு பெற்றவர்களாகவும் இருக்க வேண்டும். கோரிக்கை இவ்வளவுதான். ஆனால் இது உருப்படியான காரியமாக அமையுமா, இன்னொரு பாராட்டு விழாவாகக் கரைந்துபோகுமா என்பது நடத்தும் முறையைப் பொறுத்தது. ஆகவே சற்று விரிவாக எழுத நேர்கிறது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

பாராட்டு விழாக்களுக்கு நம் ஊரில் பஞ்சம் கிடையாது. நான் போயிருந்த அத்தகைய விழா ஒன்றில், மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி நீக்கி, உலோகம் ஊற்றிச் சிலை செய்யும் வார்ப்புத் தொழிலிலேயே தலை நரைத்த பெரியவர் ஒருவரை மேடைக்கு அழைத்தார்கள். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தோர் உரை, வரிசையாக வாழ்த்துரை எல்லாம் முடிந்த பிறகு அவருக்குப் பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்து, புகைப்படம் எடுத்து, மறுபடியும் இருக்கைக்கு அனுப்பிவைத்தார்கள். அவரைப் பற்றிப் பேசியவர்கள் பலர். அவரைப் பேசச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. வகுப்பு வகுப்பாக அழைத்துவரப்பட்டிருந்த பிள்ளைகள், அவர் பெரிய மனிதர் என்பதைத் தெரிந்துகொண்டார்கள். அவர் என்ன செய்கிறார், எப்படிச் செய்கிறார், ஏன் அது கடினம் என்பதைத் தெரிந்துகொள்ளாமலே வீட்டுக்குப் போனார்கள். விழா நடத்தியவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. மரியாதை செய்வதென்றால் இப்படித்தான் என்று நாம் எல்லோரும் பழகிவிட்டோம்.

அந்தப் பெரியவரிடம் அரைமணி நேரம் ஒலிவாங்கியைக் கொடுத்திருந்தால் என்னென்ன வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கடலை எண்ணெயையும் எந்தப் பக்குவத்தில் சேர்த்தால் வெயில் காலத்தில் மெழுகு தொய்யாது, பனிக் காலத்தில் விரிசல் விடாது என்பதைச் சொல்லியிருப்பார். தென்னை ஓலைக் கீற்றை மடித்து மடித்துத் தாளம் என்னும் சிற்ப அளவுக் கணக்குப்படி உருவத்தின் அளவுகளைப் பிரிக்கும் விதத்தைக் காட்டியிருப்பார். முதல் பூச்சுக்குக் காவிரியின் வண்டல் மண்ணே ஏன் வேண்டும் என்று கேட்டால், மெழுகில் இழைத்த நகத்தின் கோடுகூட உலோகத்தில் விழ வேண்டுமானால் மண் அவ்வளவு நைசாக இருக்க வேண்டும் என்று பதில் வந்திருக்கும். மேல் பூச்சுகள் ஏன் தடிமனாகின்றன, ஏன் நிழலில் காய வைக்கிறார்கள், மெழுகை உருக்கி வெளியேற்றிய சூட்டோடு ஏன் உலோகத்தை ஊற்றிவிட வேண்டும், ஊற்றும்போது காற்று வெளியேற வழி விடாவிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகலாம். மெழுகு உருவத்தை நிறுத்துப் பார்த்து, அதைப்போல எட்டு ஒன்பது மடங்கு உலோகம் வேண்டும் என்று அவர்கள் போடும் கணக்கு, பள்ளியில் அடர்த்தி என்ற தலைப்பில் நடத்தப்படும் பாடத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தப் பாடத்தைப் பிள்ளைகள் புத்தகத்தில் ஏதோ ஒரு கனசதுரத்தை வைத்துப் படிக்கிறார்கள். பேருந்தில் ஏறினால் சற்று நேரத்தில் போய்ச் சேரக்கூடிய சுவாமிமலையில் அதே பாடம் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது.

2023-இல் ஜி-20 மாநாட்டை ஒட்டி டெல்லி பாரத் மண்டபத்தின் முன்னால் நிறுவப்பட்ட 27 அடி நடராசர், சுவாமிமலையில் ராதாகிருஷ்ணன் ஸ்தபதியும் அவருடைய குழுவினரும் வார்த்தெடுத்த எட்டு உலோகத் திருமேனி. எடை ஏறக்குறைய 18 டன். அதன் உயரத்தையும் எடையையும் நம் ஊரில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவ்வளவு பெரிய அச்சை எப்படிப் புரட்டினார்கள், எங்கே பிரித்து எங்கே சேர்த்தார்கள், லாரியில் எப்படி ஏற்றினார்கள் என்று கேட்டால் விடை தெரிந்தவர்கள் அந்தப் பட்டறையைச் சேர்ந்தவர்கள் மட்டுமே. அவர்களை ஒரு மாலைப்பொழுது அழைத்து உட்காரவைத்துக் கேட்க நம்மால் முடியாதா?

இந்த ஊரில் ஒருவர் கேட்ட கேள்வி தமிழின் போக்கையே மாற்றியது என்பதைத் தங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை என்றாலும், இங்கே அதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், அப்போது இங்கே முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அவர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் அசையாமல் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது, கும்பகோணத்துச் சைன இல்லங்களில் போய்ப் பொருள் கேட்டுத் தெளிந்து 1887-இல் சிந்தாமணி அச்சேறியது வரையிலும், அதன் பின் சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று ஏடுகள் நூலாகியது வரையிலும் நீண்டது. அன்றைக்கு முதலியார் பொன்னாடை போர்த்தி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சில வேளை நினைத்துக்கொள்வதுண்டு. ஒருவரை அவருடைய வேலையைப் பற்றித் துருவிக் கேட்பதும் மரியாதையின் உயர்ந்த வடிவந்தான்; அந்த மரபு நம்முடையதே.

அன்றைய நம் ஊர்க்காரர்களுக்கு ஆசிரியர்களின் அருமையும் தெரிந்திருந்தது. போர்ட்டர் டவுன் ஹால் என்று நாம் இன்றும் வாய்நிறையச் சொல்லும் கட்டடம் கல்லூரி முதல்வராக இருந்த போர்ட்டரின் பெயரைத் தாங்கியது. கோபால் ராவ் நூலகம், சாமிநாதையரை வேலைக்கு அமர்த்திய காலத்தில் கல்லூரித் தலைவராக இருந்த கோபால் ராவின் பெயரைத் தாங்கியது. வாத்தியார்களின் பெயரைப் பொது மண்டபத்துக்கும் நூலகத்துக்கும் சூட்டிய நகரம் இது. நான் கேட்கும் உரைகளை நடத்த இதைவிடப் பொருத்தமான இடங்கள் எங்கே கிடைக்கும்?

சீனிவாச இராமானுஜனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரோட்டில் 1887-இல் பிறந்து, சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்து, நகர உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1904-இல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தவர் அவர். (சாமிநாதையர் சென்னைக்கு மாற்றலாகிப் போனது 1903-இல், ஓராண்டு வித்தியாசத்தில் இருவரும் ஒரே கல்லூரியில் சந்திக்காமல் போனார்கள்.) டிசம்பர் 22 வந்தால் பள்ளிகளில் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். பேச்சுப் போட்டி வைக்கிறோம். பிள்ளைகள் வாடகைக் கார் எண் 1729-ஐயும், கனவில் வந்த நாமகிரித் தாயாரையும், லண்டன் குளிரையும் உருக்கமாகச் சொல்லிப் பரிசு வாங்குகிறார்கள். அவர் போட்ட கணக்கு ஒன்றையாவது கரும்பலகையில் எழுதிக்காட்டுவது அபூர்வம். அதைக் கடினம் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறோம்.

ஆனால் கடினமில்லாத வாசல்களும் அதற்கு உண்டு. நான்கு புளியங்கொட்டைகளை எத்தனை விதமாகக் கூறு போடலாம்? நான்கும் ஒன்றாக, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் தனித்தனியாக. ஆக ஐந்து விதம். ஒன்பதை இப்படிக் கூறு போட 30 வழிகள். பதினான்கை 135 வழிகள். 5, 30, 135 மூன்றும் ஐந்தால் வகுபடுகின்றன. 4-இலோ 9-இலோ முடியும் எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அதைக் கூறு போடும் வழிகளின் தொகை ஐந்தால் வகுபடும் என்பதை, மேக்மகன் என்பவர் கையால் கணக்கிட்டு வைத்திருந்த 200 வரையிலான பட்டியலைப் பார்த்துக் கண்டுகொண்டு, பிறகு நிறுவியும் காட்டியவர் இராமானுஜன். 100-ஐக் கூறு போடும் வழிகள் மட்டும் 19,05,69,292. இந்தத் தொகையை ஒவ்வொன்றாக எண்ணாமல் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிடும் சூத்திரத்தை அவரும் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியும் சேர்ந்து கண்டார்கள். ஊரிலுள்ள கணித ஆசிரியர் ஒருவர் ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையோடு வந்து இதை ஒரு மணி நேரம் நடத்தினால், வந்திருக்கும் மளிகைக் கடைக்காரரும் கூடவே எண்ணத் தொடங்கிவிடுவார்.

இதே ஊரில் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் 2005 முதல் இராமானுஜன் பெயரால் ஆண்டுதோறும் இளம் கணித அறிஞர்களுக்குப் பரிசு வழங்கிவருகிறது. இராமானுஜன் வாழ்ந்தது 32 ஆண்டுகளே என்பதால், பரிசு பெறுபவர் அந்த வயதைத் தாண்டியிருக்கக் கூடாது என்பது விதி. மஞ்சுள் பார்கவா, டெரன்ஸ் டாவ், அக்ஷய் வெங்கடேஷ், பீட்டர் ஷோல்ட்சே, ஜேம்ஸ் மேனார்ட், மரினா வியாசோவ்ஸ்கா ஆகியோர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்; கணிதத்தின் மிக உயர்ந்த விருதாகிய ஃபீல்ட்ஸ் பதக்கமும் இவர்கள் எல்லோருக்கும் கிடைத்தது, பெரும்பாலோருக்கு இங்கே பரிசு பெற்ற பிறகே கிடைத்தது. உலகக் கணிதத்தின் அடுத்த தலைமுறையை முன்கூட்டியே அடையாளம் கண்ட ஊர் என்று கும்பகோணம் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம். கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆய்வாளர்களுக்கான கருத்தரங்கை ஊர் மக்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பைப் பல்கலைக்கழகத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. மாநகராட்சி அழைப்பு விடுத்து, அந்த நாள்களில் இங்கே வரும் கணித அறிஞர் ஒருவரையோ அவருடைய பணியை அறிந்த பேராசிரியர் ஒருவரையோ தமிழில் பேசவோ மொழிபெயர்ப்போடு பேசவோ கேட்டுக்கொண்டால் மறுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அறிவியல் என்றால் கணக்கோடு நிற்க வேண்டியதில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் 1925-இல் பிறந்தது இந்த ஊரில். யானைக்கால் நோய்க்குப் பேர்போன ஊர் என்று கும்பகோணம் எள்ளப்பட்ட காலத்தில், கொசு முட்டையிடும் இடங்களை அழிக்க ஊர் மக்களையும் மாணவர்களையும் திரட்டிப் பாடுபட்டவர் அவருடைய தந்தை மருத்துவர் சாம்பசிவன். மகனைப் பற்றிப் பேசும் மேடைகளில் தந்தையை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். சுகாதாரம் மாநகராட்சியின் முதற்கடமை என்பதால், அந்தக் கொசு ஒழிப்பைப் பற்றி ஒரு தனி உரையே இருக்கலாம் என்பது என் எண்ணம். அன்றைக்கு என்ன செய்தார்கள், இன்றைக்குச் சாக்கடையில் தேங்கும் நீரை என்ன செய்கிறோம் என்று கேள்வி எழுந்தால், அதற்கு விடை சொல்ல நகர்நல அலுவலரும் அங்கே இருக்கலாம். கூட்டம் கலகலப்பாக இருக்கும்.

சுவாமிநாதனைப் பற்றிய உரையும் புகழ்மாலையாக இருக்கக் கூடாது. பசுமைப் புரட்சி பஞ்சத்தைத் தள்ளிப்போட்டது உண்மை. உரம், பூச்சிமருந்து, நிலத்தடி நீர், மறைந்துபோன நாட்டு ரகங்கள் பற்றி டெல்டா விவசாயிகளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது என்பதும் உண்மை. இரண்டும் ஒரே மேடையில் பேசப்பட்டால்தான் அது அறிவியல் கூட்டம். பக்கத்திலேயே ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. ஜப்பானிய நெல்லோடு நம் நெல்லைக் கலந்து உருவாக்கிய ஏடிடி 27 என்னும் ஆடுதுறை ரகம் அறுபதுகளில் தஞ்சைக் குறுவையைப் பரவலாகப் பிடித்தது. ஏடிடி 36, 37, 43 என்று எண்களை நம் விவசாயிகள் பிள்ளைகளின் பெயரைப்போலச் சொல்கிறார்கள். அந்த எண்களுக்குப் பின்னால் இருந்த ஆராய்ச்சியாளர்களின் பெயர் ஒருவருக்கும் நினைவில் இல்லை. ஒரு ரகத்தை உருவாக்க எத்தனை போகம் பிடிக்கிறது, பூவிலிருந்து மகரந்தத்தை எப்படி மாற்றுகிறார்கள், தேறாத செடிகளை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதை ஆடுதுறையின் விஞ்ஞானி ஒருவர் சொல்ல, அந்த ரகத்தைப் பயிரிட்டு லாபமும் நட்டமும் கண்ட விவசாயி ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கலையும் தொழில்நுட்பமும் வேறு வேறு என்று பிரித்து வைப்பவர்கள் நரசிங்கம்பேட்டைக்குப் போய்ப் பார்க்கலாம். 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நாதசுரம் அந்த ஊருடையது. பழைய வீடுகளில் உத்திரமாகவும் தூணாகவும் கிடந்து பல்லாண்டுகள் உலர்ந்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்கி, கடைந்து, குடைந்து, துளையிடுகிறார்கள். முன்பு புழக்கத்தில் இருந்தது குட்டையான, சுருதி உயர்ந்த திமிரி நாதசுரம். அதில் சுத்த மத்தியமம் என்னும் சுரம் துல்லியமாகப் பேசாது, வாசிப்பவர் விரலாலும் மூச்சாலும் சமாளிக்க வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தூண்டுதலால், நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளத்தையும் உள்துளையையும் துளைகளின் இடத்தையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்து உருவாக்கியதுதான் இன்று பெரும்பாலோர் வாசிக்கும் பாரி நாதசுரம். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பற்றி நாம் மணிக்கணக்கில் பேசுவோம். அவர் கையில் இருந்த கருவியின் வடிவத்தை மாற்றியவர் செய்த ஒலியியல் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச ஒரு மாலைகூட இதுவரை ஒதுக்கியதில்லை. வித்துவான் ஒருவரும் ஆசாரி ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, திமிரியையும் பாரியையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துக் காட்டி, வாயில் வைத்து ஊதும் சீவாளி ஏன் காவிரிக்கரை நாணலில் செய்யப்படுகிறது, அதைப் பதப்படுத்த எவ்வளவு காலம் ஆகிறது என்று விளக்கும் நிகழ்ச்சி அமைந்தால், இயற்பியல் படிக்கும் கல்லூரி மாணவர்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைகளையும் பாத்திரத் தொழிலையும் லேத் பட்டறைகளையும் பற்றி இப்படியே எழுதலாம். தங்கள் நேரத்தைக் கருதி விடுகிறேன்.

திருபுவனத்திலும் நகருக்குள்ளும் பட்டு நெய்யும் குடும்பங்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தறியில் உட்காருபவரின் பெயராவது எங்காவது பதிவாகிறது. தார் சுற்றும், பாவு ஓட உதவும் பெண்களின் பெயர் எந்தச் சீட்டிலும் ஏறுவதில்லை. அவர்களில் ஒருவரை மேடையில் பேச அழைக்க வேண்டும். சௌராஷ்டிர மொழியில் பேசத்தான் அவருக்கு வசதி என்றால் அப்படியே பேசட்டும், பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்லலாம். கோலத்தை அட்டையில் ஓட்டைகளாக மாற்றி, ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது என்று வேலை வாங்கும் ஜக்கார்டு பெட்டி, கணினி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அதன் அடிப்படை எண்ணத்தைப் பிரான்சில் செயல்படுத்திக் காட்டியது. நம் ஊர்ப் பிள்ளைகள் கணினி நிரல் கற்கச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். அந்த எண்ணத்தின் முன்னோடி அவர்கள் வீட்டு முன்னறையிலேயே டக் டக் என்று ஓடிக்கொண்டிருந்ததை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மாநகராட்சியின் சொந்தப் பணியாளர்களையும் மறக்கக் கூடாது. பாதாளச் சாக்கடைக் குழிக்குள் மனிதரை இறக்காமல் அடைப்பை எடுப்பதற்காகக் கேரள இளைஞர்கள் உருவாக்கிய பேண்டிகூட் எந்திரம் 2018-இல் நம் ஊருக்கு வந்தது. அதற்கு முன்பு அந்தக் குழிகளில் இறங்கிய ஒருவர், இப்போது அதே எந்திரத்தை இயக்குபவராக இருந்தால், தொழில்நுட்பம் பற்றி இந்த ஊரில் அவரைவிடத் தகுதியோடு பேசக்கூடியவர் இருக்க முடியாது. எந்திரம் எதைச் செய்கிறது, எதைச் செய்ய முடியாமல் திணறுகிறது, குறுகிய சந்துகளில் என்ன ஆகிறது என்பதை அவர் சொல்லட்டும். கேட்பதற்குச் சங்கடமாக இருந்தாலும் மன்ற உறுப்பினர்கள் வந்து கேட்க வேண்டிய உரை அது.

சுவாமிமலையும் நாச்சியார்கோயிலும் நரசிங்கம்பேட்டையும் ஆடுதுறையும் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருப்பவை, அவற்றுக்கு நாம் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று கேட்கப்படலாம். அந்த விளக்குகளும் சிலைகளும் விற்பனையாவது நம் கடைத்தெருவில். அவற்றைப் பார்க்க வரும் பயணிகள் தங்குவது நம் விடுதிகளில். அந்த ஊர்களின் பிள்ளைகள் படிப்பது நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும். எல்லைக்கோடு வரி விதிப்பதற்காக வரையப்பட்டது. மண்ணும் ஆறும் தொழிலும் அதைப் பார்த்துப் பரவவில்லை.

நடத்தும் முறைபற்றி என் கருத்துகளை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மேடையில் பேசுபவரும், அவரிடம் கேள்வி கேட்டு உரையை நகர்த்தும் ஒருவரும் தவிர வேறு யாருக்கும் நாற்காலி வேண்டாம். கைத்தொழில் செய்பவர்களுக்குத் தொடர்ந்து மேடையில் பேசிப் பழக்கம் இருக்காது. ஆகவே முன்கூட்டியே பட்டறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சரியான கேள்விகளைக் கேட்கத் தெரிந்த ஓர் ஆசிரியரோ இதழாளரோ உடன் இருப்பது அவசியம். வரவேற்புரை இரண்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். மேயரும் உறுப்பினர்களும் முதல் வரிசையில் கேட்பவர்களாக அமர வேண்டும் என்று நான் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்; நகரத் தலைவர்கள் கீழே அமர்ந்து ஒரு வார்ப்புக்காரர் பேசுவதைக் கேட்பதைவிடப் பெரிய பொன்னாடை எதுவும் இல்லை. நாற்பது நிமிட உரைக்குப் பின் அதே அளவு நேரம் கேள்விகளுக்கு ஒதுக்க வேண்டும். முதல் சில கேள்விகள் மாணவர்களுடையதாக இருக்க வேண்டும். பிளக்ஸ் பலகைகள் முற்றிலும் தவிர்க்கப்பட வேண்டும். அந்தச் செலவைப் பேசுபவருக்கு மதிப்பூதியமாகக் கொடுக்கலாம். பட்டறையை மூடிவிட்டு வருபவருக்கு அன்றைய கூலி போகிறது என்பதை விழா நடத்துபவர்கள் நினைப்பதே இல்லை.

யாரை அழைப்பது என்பதில்தான் பிணக்குகள் வரும். சாதி, சங்கம், கட்சி, கோயில் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் வரும் என்பதை நான் அறியாதவனல்லன். இதற்கு நான் கண்ட வழி, ஆளை முன்மொழியாமல் வேலையை முன்மொழியச் செய்வது. யார் வேண்டுமானாலும் ஒரு பக்கத்தில், இந்த வேலை என்ன, இதில் கேட்கத்தக்கது என்ன, இதை யாரால் நன்றாகச் சொல்ல முடியும் என்று எழுதிக் கொடுக்கலாம். ஓர் ஆசிரியர், ஒரு நூலகர், ஒரு கைவினைஞர், ஒரு கல்லூரி மாணவி, மாநகராட்சி அலுவலர் ஒருவர் என்று ஒரு சிறு குழு அதிலிருந்து தேர்ந்தெடுக்கட்டும். பதவியில் இருப்பவர்களும் தேர்தலில் நிற்க எண்ணுபவர்களும் பேச்சாளர் பட்டியலில் இடம்பெறக் கூடாது என்பதை மட்டும் தீர்மானத்திலேயே எழுதிவிடுவது நல்லது. மறைந்தவர்களைப் பற்றிய உரைகள் நான்கில் ஒன்றுக்கு மேல் போக வேண்டாம் என்பதும் என் யோசனை. இராமானுஜனையும் சுவாமிநாதனையும் சொல்லிச் சொல்லி இளைப்பாறுவது நமக்கு எளிது, உயிரோடிருப்பவர்களைத் தேடிப் போவது சிரமம்.

உரைகளை முழுமையாக ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, ஆண்டுக்கொரு முறை சிறு நூலாக அச்சிட்டு நகரின் எல்லாப் பள்ளி நூலகங்களுக்கும் கொடுக்க வேண்டும். கைப்பேசியில் ஓடும் அரை நிமிடத் துணுக்குகள் விளம்பரத்துக்கு ஆகும். பட்டறைச் சொற்களைக் காப்பாற்ற அவை போதா. வார்ப்பிலும் தறியிலும் நாதசுரம் கடைவதிலும் புழங்கும் சொற்களில் பல எந்த அகராதியிலும் இல்லை. ஒரு முதியவர் மறையும்போது அவற்றில் சில அவரோடு போய்விடுகின்றன.

அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. அதற்கான சாலைகளையும் குடிநீரையும் கழிப்பறைகளையும் பற்றித் தாங்கள் இப்போதே திட்டமிட்டாக வேண்டும். அந்தப் பணிகளோடு ஒப்பிட்டால் நான் கேட்பது மிகச் சிறிய செலவு. அடுத்த நிதிநிலை அறிக்கையில் இதற்கென ஒரு தலைப்பைத் திறந்து, வரும் டிசம்பர் 22-ஆம் நாள் முதல் உரையை வைத்துத் தொடங்கினால், மகாமகத்துக்கு முன்னதாகவே கணிசமான உரைகளும் முதல் நூலும் கையில் இருக்கும். முதல் உரைக்கு இராமானுஜனின் கூறு போடும் கணக்கையும், இரண்டாவதற்கு மெழுகு அச்சையும், மூன்றாவதற்குப் பேண்டிகூட் எந்திரத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. மன்றம் இதை விவாதித்து எடுக்கும் முடிவை, ஏற்பானாலும் மறுப்பானாலும், பொதுமக்களுக்கு எழுத்தில் அறிவிக்குமாறு பணிவோடு வேண்டுகிறேன். குழு அமைக்கப்பட்டால் பட்டறைகளுக்கு நேரில் சென்று கேள்விகளைத் தயாரிக்கும் வேலையில் என்னையும், என்னைப் போன்ற ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலரையும் ஊதியமின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.